ஆடம்பரம் எது என்று யார் முடிவு செய்வது?

இரவுவிளக்கு கேட்டது:

போன வாரம் எனக்கும் தம்பிக்கும் ஒரு மனத்தாங்கல். ஆளுக்கு ஒரு வாக்கியம் பேசினோம், அவ்வளவுதான். ஆனால் அந்த ரெண்டு வாக்கியமும் ஏழு நாளாக எனக்குள்ளே ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

தம்பி ஒரு கைக்கடிகாரம் வாங்கியிருந்தான். சாவி கொடுத்து ஓடுகிற வகை. மூன்று வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. வெளிச்சம் படும்படி கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். விலையைக் கேட்டேன், சொன்னான். "நமக்கெல்லாம் இவ்வளவு ஆடம்பரம் தேவையாடா?" என்று வாயில் வந்துவிட்டது. அவன் முகம் சுருங்கிப்போனது. சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டு, "உனக்கு அந்த இருட்டு ரூம் எப்படியோ, எனக்கு இது அப்படித்தான்க்கா" என்றான்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் நர்ஸ். 19 வருஷ சர்வீஸில் பாதிக்கு மேல் நைட் டூட்டி. காலையில் அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் ஹேண்டோவர் கொடுத்துவிட்டு வீடு வந்து சேரும்போது ஊரே எழுந்து ஓடிக்கொண்டிருக்கும். அப்போது நான் தூங்கியாக வேண்டும். முதல் சில வருஷம் கண்ணில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு புரண்டுகொண்டே கிடப்பேன். பிறகு உள் அறையை எனக்கென்று ஒதுக்கினோம். ஜன்னலுக்கு ரெண்டு அடுக்குக் கறுப்புத் துணி. துணியின் ஓரத்தில் கோடு மாதிரி ஒரு வெளிச்சம் வரும், அதற்கும் மேலே டேப் ஒட்டியாயிற்று. வாசல் மணியின் ஒயரைக் கழற்றியாயிற்று. அந்த அறையில் நான் படுத்தால் பகல் என்பதே தெரியாது. எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய சொத்து அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொத்து என்றுகூட இல்லை, அது ஒரு மருந்து மாதிரி. இல்லாவிட்டால் மறுநாள் ராத்திரி ட்ரிப்ஸில் மருந்து ஏற்றும்போது என் கை தடுமாறும்.

தேவைதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளக் காரணங்களும் இருந்தன. நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். இரவு வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்த பிறகும் அங்கேயே வைத்தது. வெளிச்சம் கண்ணில் பட்டால் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரப்பது குறையும். இதெல்லாம் வேலையில் தெரிந்துகொண்டதுதான். அதனால் அந்த இருட்டு எனக்குத் தேவை, ஆடம்பரம் இல்லை. இப்படித்தான் இருந்தேன்.

தம்பி அப்படிச் சொன்ன மறுநாள் காலை தூக்கம் வரவில்லை. கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. என் சின்ன மகன் கூடத்துக் கதவைச் சாத்துவதைப் படுத்தபடியே பார்த்தேன். தாழ்ப்பாள் போய்ச் சட்டத்தில் இடிக்கிற இடத்தில் தன் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு, அதன் மேல் தாழ்ப்பாளை மெதுவாக உட்கார வைத்து, பிறகு விரலை உருவினான். சத்தமே இல்லை. அவனுக்கு வயது ஏழு. யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று வீட்டில் சொன்னார்கள், அவனாகவே பழகிக்கொண்டானாம். என் வீட்டுக்காரர் பகலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கூடத்தைக் கடக்கிறார். அது எனக்கு ஏற்கெனவே தெரியும். அந்த விரல் மட்டும் தெரியாது.

வீட்டில் மூன்று பேர் சத்தமில்லாமல் வாழ்ந்தால்தான் எனக்கு அந்த அறை. தம்பியின் கடிகாரத்துக்கு அவன் மட்டும்தான் விலை கொடுத்தான். அப்படியென்றால் எது ஆடம்பரம்?

கடலைப் பார்த்த வீடு, பெரிய கார் என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். உங்கள் வாழ்க்கையில் இருக்கிற ஒரே ஒரு பொருளை, இல்லை ஒரு பழக்கத்தைச் சொல்லுங்கள். அதை ஆடம்பரம் என்று சொன்னது நீங்களா, மற்றவர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

---

சாயக்காரன் பதில்:

அக்கா, எனக்கு வெள்ளைச் சட்டை.

நான் நூலுக்குச் சாயம் போடுறவன். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. கையுறை போட்டுத்தான் வேலை, ஆனா ஷேடு சரியா வந்திருக்கான்னு பார்க்க ஈர நூலைப் பிழிஞ்சு விரல்ல உருட்டிப் பார்த்தாத்தான் எனக்குத் திருப்தி. அதனால நகக்கண்ணுல எப்பவும் ஏதாவது ஒரு கலர் நிக்கும். இந்த வாரம் கருநீலம். பிளீச்சிங் போட்டுத் தேய்ச்சா தோல்தான் உரியும், நகத்தோட ஓரத்துல இருக்கிறது போகாது. நகம் வளர்ந்து வெட்டினாத்தான் போகும்.

எங்க தொழில்ல எல்லாரும் ஒரு கதை சொல்வாங்க. அந்தக் காலத்துல ராஜாக்கள் போட்ட ஊதா, கடல் நத்தையில இருந்து எடுத்தது. 1909இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரீட்லேண்டர்ங்கிற வேதியியலாளர் அந்தச் சாயம் என்னன்னு ஆராய, 12,000 நத்தையை உடைச்சு எடுத்திருக்கார். கிடைச்சது 1.4 கிராம். என் உள்ளங்கைக் குழியில அடங்கிடும். அதுக்கு முன்னாடியே, 1856இல், பெர்கின்னு ஒரு பதினெட்டு வயசுப் பையன் மலேரியா மருந்து செய்யப்போய், கரித்தார்ல இருந்து தற்செயலா ஒரு ஊதாவைக் கண்டுபிடிச்சுட்டான். அதோட ஊதா எல்லாருக்கும் ஆயிடுச்சு. இன்னைக்கு நான் ஒரு ஷிஃப்ட்ல தொட்டி தொட்டியா ஊதா போடுறேன். அதைப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோணாது.

ஆனா வெள்ளை? வெள்ளைச் சட்டையை எங்க வீட்ல இருக்கிற மத்த எதோடயும் சேர்த்துத் துவைக்க முடியாது. நான் தொட்டு மடிச்சா காலர்ல விரல் தெரியும். என் மகதான் மடிச்சு வைப்பா. வாரத்துல ஒரு நாள் லீவு, அன்னைக்குக் குளிச்சுட்டு அதைப் போட்டுக்கிட்டுச் சும்மா வாசல்ல உட்கார்ந்திருப்பேன். எங்கேயும் போக மாட்டேன். எங்கேயாவது போனா அழுக்காயிடும்.

ஆடம்பரம்னு சொன்னது என் முதலாளி. "சாயக்காரனுக்கு எதுக்கு வெள்ளை?"ன்னு கேட்டாரு. வேற யாருக்கு வேணுமாம்?

---

பழைய_முள் பதில்:

அம்மா, நான் கடிகாரம் பழுது பார்க்கிறவன். உங்கள் தம்பிக்காக ரெண்டு வார்த்தை பேச வேண்டும்போல இருந்தது. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேரம் பார்க்க மட்டும் என்றால் உங்கள் தம்பி வாங்கியதைவிட மலிவான பேட்டரி கடிகாரம்தான் சிறந்தது. அதற்குள்ளே இருக்கும் குவார்ட்ஸ் என்கிற படிகத் துண்டு ஒரு நொடிக்கு 32,768 தடவை அதிரும். மாதத்துக்குச் சில நொடிதான் தவறும். சாவி கொடுக்கிற நல்ல கடிகாரம் பலதும் ஒரு மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது நொடிக்கு எட்டு. நன்றாகச் சரி பார்த்து வைத்தாலும் ஒரு நாளுக்குச் சில நொடி முன்னேயோ பின்னேயோ போகும். 1969ஆம் வருஷம் டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சீக்கோ கம்பெனி முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைக்கு அதுதான் பணக்காரப் பொருள். சாவி கொடுக்கிற கடிகாரம்தான் எல்லோரும் கட்டியிருந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. நான் தொழில் கற்றுக்கொண்ட இடத்தில் என்னோடு இருந்தவர்கள் பலர் அந்த நாட்களில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அப்படியானால் உங்கள் தம்பி எதற்குக் காசு கொடுத்தார்? அவரிடம் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாமல் இருக்கலாம். நான் பின்மூடியைத் திறந்து பார்ப்பவன், நான் சொல்கிறேன். நல்ல கடிகாரத்தின் உள்ளே, தகடுகளின் விளிம்பைச் சாய்வாகச் சீவி மெருகேற்றி இருப்பார்கள். திருகின் தலையைக்கூட மெருகு போட்டிருப்பார்கள். மூடியைப் போட்டபின் வாங்கியவர் கண்ணுக்கு அது தெரியாது. ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்ற வரும்போது என்னைப் போல ஒருவன் கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு பார்ப்பான். அவ்வளவுதான். யாரும் பார்க்காத இடத்தில் ஒரு மனிதன் இவ்வளவு கவனமாக வேலை செய்திருக்கிறானே என்று எனக்குச் சில நேரம் ட்வீசரைக் கீழே வைத்துவிட்டு உட்காரத் தோன்றும்.

சமஸ்கிருதத்தில் ஆடம்பரம் என்ற சொல் ஒரு வகைப் பறையையும் அதன் பெரிய முழக்கத்தையும் குறிக்கும் என்று ஒரு தமிழாசிரியர், என் வாடிக்கையாளர், சொல்லிக் கேட்டிருக்கிறேன். கொட்டி முழக்கினால்தான் ஆடம்பரம். சொகுசு வேறு. தெலுங்கில் சொகசு என்றால் அழகு. உங்கள் தம்பியின் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதும் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். பறை கொட்ட வாங்கியவர் அப்படி மூட மாட்டார் அம்மா.

என் ஆடம்பரம் எது என்று கேட்டீர்கள். மேசை விளக்கு. அதற்கு இரண்டு பல்பு வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்று போனால் இன்னொன்று கையில் இருக்க வேண்டும் என்று. முன்பெல்லாம் பல்பு போனால் அடுத்த வேலைக்குக் காசு வரும்வரை ஜன்னல் பக்கம் மேசையை நகர்த்திக்கொண்டு பகலில் மட்டும் வேலை பார்ப்பேன்.

---

வாசற்படி பதில்:

இந்த இழையில் எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். எனக்கு இந்தப் பேச்சு கொஞ்சம் வலிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். 11 வருஷமாக. எனக்குத் தேவையானதைக் கேட்ட ஒவ்வொரு இடத்திலும் "அவ்வளவு வசதியெல்லாம் இங்கே முடியாதும்மா" என்ற பதிலைத்தான் கேட்டிருக்கிறேன். வசதி என்ற சொல்லுக்குள் ஆடம்பரம் ஒளிந்திருக்கும். ஒரு சாய்தளம் கேட்டால் வசதி. அகலமான கதவு கேட்டால் வசதி. மற்றவர்களுக்குப் படிக்கட்டு இருப்பதை யாரும் வசதி என்று சொன்னதில்லை.

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் ஏறும்போது தோள் போய்விடும், இறங்கும்போது நாற்காலி கையை மீறும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதைச் சொன்னபோது, நாலு அடியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, போட்டாயிற்றே, இன்னும் என்ன என்று கேட்டார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதில் இதை உரிமை என்று எழுதியிருக்கிறார்கள். சலுகை என்று எழுதவில்லை.

அதனால் இரவுவிளக்கு அக்காவுக்கு என் பதில்: உங்கள் இருட்டு அறையைத் தயவுசெய்து ஆடம்பரம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். தேவையுள்ளவர்களே அந்தச் சொல்லைத் தங்கள் மேல் பூசிக்கொண்டால், அதைச் சொல்லி எங்களை வாசலில் நிறுத்துகிறவர்களுக்கு வேலை சுலபமாகிவிடும். ராத்திரி முழுக்க யாரோ பெற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறீர்கள். பகலில் உங்கள் பிள்ளை உங்களைப் பார்த்துக்கொள்கிறான்.

எனக்கு ஆடம்பரம் எது என்று யோசித்தேன். வெளியே கிளம்புவதற்கு முன்னால் போன் செய்யாமல் இருப்பது. எங்கே போனாலும் முதலில் போன் செய்வேன். வாசலில் எத்தனை படி, லிஃப்ட் ஓடுகிறதா, கழிவறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும். ரெண்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு நிலைப்படி இருந்தால்கூட முன் சக்கரம் அங்கே நின்றுவிடும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தோழி வீடு மாறினாள். மாறிய வீட்டுக்கு நான் முதன்முறை போன அன்று வாசலில் நாற்காலி தடங்கலே இல்லாமல் உள்ளே உருண்டது. குனிந்து பார்த்தேன். நிலைப்படியைச் சீவித் தரையோடு தரையாகச் சமன் செய்திருந்தாள், சீவிய இடத்தில் மரத்தின் நிறம் வெளிறித் தெரிந்தது. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது நினைத்தபோது கிளம்பி அவள் வீட்டுக்குப் போகிறேன், சொல்லாமல் கொள்ளாமல்.

---

இரவுவிளக்கு பதில்:

வாசற்படி, நீங்கள் எழுதியதை வார்டில் ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு மூன்று முறை படித்தேன். நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆடம்பரம் என்ற சொல்லை என் அறைக்கு இனிமேல் வைக்க மாட்டேன். ஆனால் மகனுடைய விரலை மறந்துவிடவும் முடியவில்லை. தேவைதான் என்றாலும் அதற்கு ஒருவர் ஏதோ கொடுக்கிறார் இல்லையா, அவருக்கு அது தெரிந்திருக்கிறதே, எனக்குத் தெரியாமல் இருந்ததே. அதுதான் உறுத்துகிறது.

---

மல்லி பதில்:

குழாயில தண்ணி ஓடவிடுறது. எனக்கு அதுதான்.

சின்ன வயசுல தண்ணி தூக்கித்தான் வளர்ந்தேன். ஒரு குடம் 15 லிட்டர்னா 15 கிலோ, அது போக குடத்தோட கனம். இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. எதுக்கு எத்தனை சொம்புன்னு அம்மா மனசுலயே கணக்கு வச்சிருப்பாங்க. முகம் கழுவுன தண்ணி கால் கழுவப் போகும், கால் கழுவுன தண்ணி செடிக்குப் போகும்.

தண்ணியை மனித உரிமைன்னு ஐ.நா. பொதுச்சபை 2010இல்தான் சொல்லுச்சு. பாதுகாப்பான குடிதண்ணி வீட்டுக்கே கிடைக்காதவங்க உலகத்துல இன்னும் 200 கோடிப் பேருக்கு மேல. அதனால நான் ஒண்ணும் அபூர்வமான ஆள் இல்ல.

இப்போ வீட்ல குழாய் இருக்கு, நாள் முழுக்க வரும். என் மருமக பல்லு விளக்கும்போது குழாயைத் திறந்துவிட்டுட்டு நிப்பா. அவ தப்பு இல்ல, அவ வளர்ந்த வீட்ல குழாய் இருந்துச்சு. என் கை தானா போய் மூடிடும். ஒரே ஒரு தடவை, யாரும் இல்லாத நேரத்துல, குழாயைத் திறந்து கையை நீட்டிக்கிட்டு நின்னேன். உள்ளங்கையில விழுந்து விரலிடுக்குல வழிஞ்சு போயிட்டே இருந்துச்சு. எண்ணிப் பார்த்தேன், இருபது வரைக்கும்தான் தாங்க முடிஞ்சது. மூடிட்டேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு.

இதை ஆடம்பரம்னு சொன்னது நான்தான். வேற யாருக்கும் இது தெரியாது.

---

சாயக்காரன் பதில்:

மல்லியம்மா, எங்க தொழில் தண்ணியிலதான் ஓடுது. ஒரு லாட் நூலை எத்தனை அலசு அலசுறோம்னு எனக்குத் தெரியும். நீங்க எழுதினதைப் படிச்சுட்டு நாளைக்குத் தொட்டிகிட்ட எப்படி நிக்கப்போறேன்னு தெரியல. கடைசி அலசு தண்ணியை அடுத்த லாட்டோட முதல் அலசுக்கு எடுத்துக்கலாம்னு நான் முன்னாடியே சொல்லியிருக்கேன். இன்னொரு தடவை சொல்றேன்.

---

இரவுவிளக்கு பதில்:

எல்லோருக்கும் ஒரு செய்தி. நேற்று எனக்கு ஆஃப். தம்பி வீட்டுக்குப் போனேன்.

மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியவில்லை. "அந்தக் கடிகாரத்தைக் கொடுடா, பார்க்கணும்" என்றேன். கட்டியிருக்கவில்லை. அலமாரியில் ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தான். நான் சொன்ன அன்றிலிருந்து கட்டவில்லையாம். இங்கே கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் பழைய_முள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பின்மூடியின் உட்பக்கத்தைப் பற்றி அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை, கடிகாரத்தைத் திருப்பி மூடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

எதற்காகடா வாங்கினாய் என்று இப்போதுதான் ஒழுங்காகக் கேட்டேன். 17 வயதிலிருந்து சம்பாதிக்கிறான். இதுவரை அவன் வாங்கிய எல்லாப் பொருளுக்கும் கேட்டவர் ஒருவர் இருந்திருக்கிறார். அம்மாவுக்குக் கண்ணாடி, எனக்குப் படிப்புச் செலவு, பிள்ளைகளுக்குச் சைக்கிள். "யாரும் கேட்காம நான் வாங்கினது இது ஒண்ணுதான்க்கா" என்றான். என் நர்சிங் படிப்புக்கு அவன் இரண்டு வருஷம் பணம் கட்டியிருக்கிறான். அதை அவன் நினைவுபடுத்தவில்லை, எனக்கே நினைவுக்கு வந்தது.

நர்ஸ்கள் நாங்கள் நொடி முள் இல்லாத கடிகாரம் கட்ட மாட்டோம். பல்ஸ் எண்ண வேண்டுமே. என்னுடையது சட்டையில் தலைகீழாகக் குத்திக்கொள்கிற சின்ன பேட்டரி கடிகாரம், முள் நொடிக்கு ஒரு தடவை டக்கென்று குதிக்கும். அவனுடையதில் முள் குதிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. நொடிக்கு எட்டுத் துடிப்பு என்று பெரியவர் சொன்னாரே, காதில் வைத்தால் அது கேட்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

பிறகு அவனைக் கையை நீட்டச் சொல்லி, அந்தக் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் அவன் பல்ஸை எண்ணினேன். வார்டில் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கிச் சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவோம். முழு நிமிஷம் எண்ண நேரம் இருக்காது. நேற்று இருந்தது. 74. நன்றாக இருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். கதவில் காந்தம் பொருத்த நாளைக்கு ஆள் வருகிறார்.